மீன் தின்னாதவனின் தூண்டில் கடை

தூண்டில் கடையில் நிற்பவனிடம் உள்ளே வருகிற எவரும் விலையை முதலில் கேட்பதில்லை, "இப்ப எங்கே கடிக்குது?" என்றுதான் கேட்பார்கள்.

பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காத ஒருவனிடம் நாள் முழுவதும் இதையே கேட்டால் அவன் என்ன செய்வான்? உங்களில் சிலருக்கு இது விளங்கும். சர்க்கரை வியாதியோடு இனிப்புக்கடையில் நின்றவர்கள், கார் ஓட்டத் தெரியாமல் டயர் விற்றவர்கள், மொட்டைத் தலையோடு சீப்பு விற்றவர்கள் எல்லோரும் என் இனம். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. முதலாளி முனுசாமி ஃபீஜியில் பிறந்தவர். ஊர் முழுக்க அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடும். தமிழில் அவருக்குத் தெரிந்தது முருகன் பாட்டு இரண்டு, மீதியெல்லாம் ஆங்கிலம். இன்னொருவர் டெரெக். ரீல் பழுது பார்க்கும் வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், வாயைத் திறந்தால் காற்று போய்விடும் என்று நினைப்பவர். இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வேலைக்கு எடுத்த காரணம்

கொழும்பில் நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவன். இங்கே அந்த வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து அலுத்துப்போய், கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்த கடைக்குள் நுழைந்தேன். மீன் பிடிப்பாயா என்று சாமி கேட்டார். இல்லை என்றேன். சாப்பிடுவாயா என்றார். சைவம் என்றேன். சரி, இதுவும் போயிற்று என்று கதவுப் பக்கம் திரும்பினால், திங்கட்கிழமை வா என்கிறார்.

இன்னொன்றையும் அன்றே ஒளிக்காமல் சொன்னார். கோடை முடியும்வரை வேலை உறுதி. குளிர்காலத்தில் கடைக்கு ஒரு ஆள் போதும், டெரெக் எனக்கு முன்பிருந்தே இருக்கிறார். என் மனைவி வதனியும் மகள் ஆரணியும் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்று விசா அலுவல் பார்த்தவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசி முடிக்கும்போதும், "நிரந்தரமாக்கிப் போட்டினமோ?" என்று வதனி கேட்பாள். ஆகவே வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதல் நாளிலிருந்தே குளிர்காலத்தைப் பற்றித்தான் கவலை.

கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்கு இரவில் நித்திரை வராது. ஏன் என்னை எடுத்தீர்கள் என்று கேட்டேன். சாமி தன் தூண்டில் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மீன் பிடிக்கத் தெரிந்தவன் மீன் கடிக்கிற நாளில் கடையில் நிற்கமாட்டான். நானே நிற்பதில்லை."

எங்கே கடிக்குது?

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல எனக்கு வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துக் குடைவேன். என்ன இரை, வற்று நீரா பெருக்கு நீரா, தண்ணீர் என்ன நிறம், மீனை வெட்டியபோது அதன் வயிற்றுக்குள் என்ன இருந்தது. வயிற்றுக்குள் இருந்ததைக் கேட்கும்போது சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கேட்டதை அடுத்து வருகிறவரிடம் சொல்வேன். என் காலில் ஒருநாளும் உப்புத் தண்ணீர் பட்டதில்லை, ஆனாலும் மூன்றே வாரத்தில் நான், ஊரில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்த கிராம அதிகாரிபோல, மீன்களின் விதானையார் ஆகிவிட்டேன்.

இராணுவ முகாமிலிருந்து வரும் ஒரு சிப்பாய், துறைமுகக் கரையில் ஒரு பாறையைப் பற்றிச் சொன்னான். பெருக்கு நீர் தொடங்கியதும் அங்கே போய் நின்றால் ஸ்னாப்பர் மீனை அள்ளலாம் என்றான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் 'எங்கே' என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு முழுப் பதில் இருக்கிறது. வியாழனும் வெள்ளியும் வந்த அத்தனை பேருக்கும் அந்தப் பாறையைச் சொன்னேன், வழியையும் வரைந்து கொடுத்தேன். வரைவதுதானே என் தொழில். திங்கட்கிழமை சிப்பாய் வந்தான். கோபமாகக்கூட இல்லை. என்னை உற்றுப் பார்த்துச் சொன்னான்: "மீன் அதே இடத்தில்தான் இருந்தது. நான் நிற்கத்தான் இடமில்லை."

கந்தசஷ்டியும் கஹவாயும்

கஹவாய் என்பது நம் பாரைக்கும் சூரைக்கும் நடுவிலான ஒரு வெள்ளி மீன். தூண்டிலில் பட்டால் தண்ணீருக்கு மேலே பாயும். வசந்தத்தில் வைக்காட்டோ ஆறு கடலில் விழும் கழிமுகத்தில், ஆற்றுக்குள் ஏறுகிற சின்னக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்துவிடும். அந்த நாட்களில் சாமியைக் கடையில் காணமுடியாது. அதே நாட்களில்தான் கந்தசஷ்டியும் வரும்.

தமிழர் நிறைய இருக்கும் ஓக்லாந்துப் பகுதியான த்ரீ கிங்ஸிலிருந்து பாஸ்கரன் வந்தார். சாவகச்சேரிக்காரர், இங்கே டாக்ஸி ஓட்டுகிறார், மீன் பைத்தியம். விரதம் தொடங்கி இரண்டாம் நாள், முகம் வாடியிருந்தது. பசியினால் அல்ல, கஹவாயினால். சாப்பிடுவதுதானே தடை, பிடிப்பதும் தடையா என்று என்னிடம் கேட்டார். ஏதோ நான் ஐயர் மாதிரி. நானும் விரதம்தான், ஆனால் எனக்குப் பிடிக்கிற ஆசை வந்ததே இல்லை, எனக்கெப்படித் தெரியும் என்றேன். உண்மையில் அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. பிடித்து விட்டுவிட்டால் என்ன? பிடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால்? அன்று முழுவதும் இதையே யோசித்து, ஒருவருக்கு மாறித் தூண்டிலைக் கொடுத்தனுப்பினேன்.

சூரன்போர் முடிந்து, பாரணை முடிந்து பாஸ்கரன் திரும்ப வந்தார். போனீர்களா என்றேன். போனார். நல்ல பாடு, வாளி நிறைய மீன். எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு சமோவாக் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவர்கள் நன்றிக்கடனாக அதிலேயே ஒன்றைத் தேங்காய்ப்பாலில் சமைத்து, மூடி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம், விரதத்தின் ஐந்தாம் நாள். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பாஸ்கரன் பெருமூச்சு விட்டார்: "மணந்து மட்டும் பாத்தனான் அண்ணை. அதுக்கும் விரதத்துக்கும் என்ன தொடர்பு எண்டு இனி நீங்கள்தான் யோசிச்சுச் சொல்லவேணும்."

தூண்டில் கணவாய்

கோடை வந்தது, கடை நிறைந்தது. பாஸ்கரனின் மனைவி சாந்தி ஒருநாள் அவரோடு கடைக்கு வந்தா. ஆள் உறைபெட்டிக்கு முன்னால் நின்றவதான், நகரவில்லை. உள்ளே இரைக்கென்று கட்டி கட்டியாக உறையவைத்த கணவாய். சந்தையில் விற்கிறதைவிட மலிவு, அளவும் நல்ல அளவு. இதைத் தூண்டிலில் குத்தி மீனுக்குக் கொடுக்கிறார்களா என்று கேட்டா. கேட்ட விதத்தில் எனக்கே குற்ற உணர்வு வந்துவிட்டது.

இது மனிதர் சாப்பிடுவதற்கு அல்ல என்று பையிலேயே எழுதியிருப்பதைக் காட்டினேன். சாந்தி வாசித்துவிட்டு இரண்டு பையை எடுத்தா. ஒன்று பாஸ்கரனின் தூண்டிலுக்கு என்றா. மற்றது எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஒன்றைக் கேட்காமல் விட்டது மிக அபூர்வம். அடுத்த வாரம் பாஸ்கரன் தனியாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தூண்டிலிலை போட்டதுக்கு ஒரு மீனும் வரேல்லை அண்ணை. சட்டியிலை போட்டதுக்கு நாலு குடும்பம் வந்தது."

முதல் மீன்

பாபகூராவில் எல்லோரும் 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் ஒரு மாவோரிப் பூர்வகுடி அம்மா இருந்தார். கறுப்புக் கண்ணாடி, ரப்பர் சப்பாத்து, பழைய வேன். கழிமுகத்தில் அவர் நிற்கிற இடத்தில் வேறு யாரும் நிற்பதில்லை. என் குடைச்சலுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒருநாள், அன்று எத்தனை கஹவாய் பட்டது என்று கேட்டபோது ஒரு கணக்குச் சொன்னார். ஆனால் அவருடைய வாளியில் ஒன்று குறைந்தது. எண்ணிக்கை பிசகினால் எனக்குத் தாங்காது. மற்றது எங்கே என்றேன்.

அன்றைய முதல் மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம். கடலுக்குரிய தெய்வத்துக்கு அது. எங்கள் வீட்டிலும் சோற்றில் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் விரதச் சாப்பாடு தொடங்குவோம் என்று சொன்னேன். காகம் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இப்போது அவர் என்னைக் குடையத் தொடங்கினார். வரும்வரை பசியோடு நிற்போம் என்றேன். இங்கேதான் காகம் இல்லையே என்றார். ஆமாம், கடற்பறவைதான் வருகிறது, அதற்குத்தான் வைக்கிறேன் என்றேன். முதல் மீன் மிகப் பெரியதாக இருந்தால் மனம் வருமா என்று நான் கேட்டேன். சில்லறையை வாங்கிக்கொண்டே சொன்னார்: "முதலாவது என்னுடையது இல்லை. என்னுடையது இல்லாததை எப்படி அளந்து பார்ப்பது?"

இல்லாத மீனைத் தேடி வந்தவர்

இலையுதிர் காலத்தில் ஒரு அமெரிக்கர் வந்தார். சுற்றுலா வந்தவர், மனைவி எங்கோ கம்பளிச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆற்றில் ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்க எங்கே போகலாம் என்று கேட்டார். அப்படியொரு மீனை நான் கேள்விப்பட்டதில்லை. டெரெக்கைப் பார்த்தேன். அவர் தலையை ஒருமுறை ஆட்டினார், இந்த நாட்டிலேயே இல்லை என்று அர்த்தம். அமெரிக்கர் போகத் திரும்பினார். நான் விடுவேனா? இல்லாத மீனைப் பற்றியாவது கேட்டு வைப்போம் என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் ஊரில் ஒரு ஆறு. வசந்தத்தில் தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஆண்மீன் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிக் கூடு கட்டும். கோடையில் இந்த மீன்கள் பாறை நிழலில், நீர் வருகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். இலையுதிர்காலத்தில் கண்டதையெல்லாம் தின்னும். குளிர்காலத்தில் ஆழமான மடுவுக்குள் போய் அசையாமல் கிடக்கும். தின்னாதா என்றேன். தின்னாத குறைதான். செத்துவிடாதா என்றேன். இல்லை, வசந்தம்வரை தாக்குப்பிடிக்கும் என்றார். எனக்கு அந்த மீன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

கூட்டில் முட்டையிட்டதும் பெண்மீன் போய்விடுமாம். தகப்பன்தான் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல், பசித்தாலும் இடத்தை விட்டு அசையாதாம். என் மகள் தாயோடு கொழும்பில் இருக்கிறாள், நான்தான் போய்விட்டவன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவரிடம்தான் சில விஷயம் வாயில் வருகிறது. அவர் தன் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "இங்கே நீ கூடு கட்டிக்கொண்டிருக்கிறாய். எங்கள் ஊர் மீனும் அதைத் தனியாகத்தான் செய்யும்."

முனகுகிற மீன்

குளிர் தொடங்கியதும் கேர்னட் என்று ஒரு சிவப்பு மீன் படும். தண்ணீரை விட்டு எடுத்ததும் வயிற்றுக்குள்ளிருந்து உறுமுவதுபோல் சத்தம் போடும். ஓக்லாந்தின் எப்சம் பகுதியில் இருக்கும் சென்னைக்காரர் ஒருவர் என்னிடம் தடி வாங்கிப்போய் முதல் நாளே அதைப் பிடித்துவிட்டார். மறுநாள் தடியோடு வந்தது அவர் மனைவி லலிதா. மகனின் பள்ளிக்கூடத்துக்காக எப்சத்தில் வீடு எடுத்தவர்கள், எதையும் விசாரிக்காமல் வாங்கமாட்டார்கள், இதை எப்படி விசாரிக்காமல் விட்டார்களோ.

மீன் வாளிக்குள் கிடந்து வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்ததாம். காரில் யாரும் பேசவில்லையாம். மகன் அழுது, பாதி வழியில் காரைத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டார்களாம். எல்லா மீனும் இப்படிச் சத்தம் போடாது என்று நான் விளக்கினேன். லலிதா தடியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆமாங்க, இருக்கலாம். ஆனா மத்ததெல்லாம் என்ன சொல்லாம விட்டுச்சோன்னு இனிமே தோணுமே."

நான் கொடுத்த வாக்கு

குளிர்காலத்துக்கு முன்னதாகவே சாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இப்போது விற்பனை என் கையில், ரீல் பழுது டெரெக்கின் கையில், இருவரில் யார் போவது என்று சொல்ல அவருக்கும் மனமில்லை, தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். டெரெக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் அந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்? அவரை அனுப்பிவிட்டு நான் நிற்கவும் மனம் வரவில்லை, நான் போகவும் வழியில்லை.

அதனால் வாயைத் திறந்தேன். எங்கள் ஆட்கள் மழை குளிர் பார்க்கமாட்டார்கள், படகு இல்லாததால் துறைமேடையில் குடையோடு நின்றாவது பிடிப்பார்கள், பாஸ்கரன் மூலம் த்ரீ கிங்ஸ் முழுக்க இந்தக் கடையைத் தெரியும், குளிர்காலம் முழுவதும் இரை போகும், இரண்டு பேரையும் வைத்திருங்கள் என்றேன். படம் வரைந்த கை. ஒரு காகிதத்தில் வளைகோடெல்லாம் போட்டுக் காட்டினேன். சாமி நம்பினார். சாளையும் கணவாயும் வாங்கிக் குவித்தார். ஒரு உறைபெட்டி போதாமல் இன்னொன்றையும் யாரிடமோ வாங்கிவந்தார்.

ஜூனில் நான் சொன்னபடியே எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஜூலையிலும் வந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு வாரம் ஒரு தமிழரையும் காணவில்லை. மழை என்று நினைத்தேன். அடுத்த வாரம் நல்ல வெயில். அப்போதும் இல்லை. உறைபெட்டி இரண்டும் நிறைந்தபடி உறுமிக்கொண்டிருந்தன. சாமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பாஸ்கரனின் டாக்ஸி வாசலில் நின்றபோது ஓடிப்போய், என்ன நடந்தது, ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்: "நல்லூர் கொடியேறியிட்டுதெல்லோ அண்ணை. தேர், தீர்த்தம் முடியுமட்டும் எங்கடை வீடுகளிலை மீன் மச்சமெண்டு ஒண்டுமில்லை. உங்களுக்கு எந்த நாளும் ஒண்டுதான், அதாலை தெரியேல்லை."

வீட்டுக்குள் வரக்கூடாத சாமான்

கந்தசஷ்டி எனக்கு நினைவிருக்கும், நானும் பட்டினி கிடப்பதால். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் என் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு மாற்றமும் இருந்ததில்லை; அதனால் மற்ற வீடுகளில் மாறுவது என் கண்ணில் பட்டதே இல்லை. சைவனாகப் பிறந்ததற்கு நான் வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான். சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு கோயிலில் கொடி ஏறினால் பாபகூராவில் இரை விற்காது என்று ஒருவனுக்கு எப்படி விளக்குவது? ஆனால் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபீஜியில் தீமிதிக்கு முன்னால் அவர்கள் வீட்டிலும் மீன் கிடையாதாம். விளங்குகிறது, ஆனாலும் மாத முடிவில் ஒருவர் போகத்தான் வேண்டும் என்றார். அன்று வதனிக்கு நான் தொலைபேசி எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு வேன் நின்றது. சாந்தி இறங்கினா. பின்கதவைத் திறந்தால் தடிகள், ரீல்கள், வாளி, ஐஸ் பெட்டி. விரதத்துக்கு வீடு கழுவி, மச்சச் சட்டியைக் கராஜில் வைத்தாச்சாம். ஆனால் இந்தச் சாமான் கராஜில் இருந்தே வீடு முழுக்க மணக்கிறதாம். எறியப் பாஸ்கரன் விடமாட்டாராம். தீர்த்தம் முடியும்வரை இங்கே வைத்திருக்க முடியுமா, வைத்திருக்கிற நேரத்தில் நாற்றம் போகக் கழுவித் தரமுடியுமா என்று கேட்டா. நான் டெரெக்கைப் பார்த்தேன். அவர் ஒரு ரீலை எடுத்துத் திறந்தார். உள்ளே மணல், உப்பு, காய்ந்த இறால் ஓடு. தன் மகனை யாரோ அடித்துவிட்டதுபோல் ஒரு முகம்.

அதன்பிறகு தொலைபேசி வழியாகக் கதை பரவியது. கடைக்கு ஒருநாளும் வராத பெண்கள் புருஷன்மாரின் சாமானைக் கார் நிறையக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எந்தத் தடி எந்த வீடு என்று நான் பெயர் கட்டித் தொங்கவிட்டேன். டெரெக்குக்குத் தலை நிமிர நேரமில்லை. ரீல் ரீலாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு, புதுத் தங்கூசி நூல் சுற்றினார். ஒருநாள் அவராகவே, இந்தக் கொண்டாட்டம் எதற்கு என்று கேட்டார். கையில் வேல் வைத்திருக்கும் கடவுளுக்கு என்றேன். வேல் என்றால் என்ன என்று கேட்டு, வரைந்து காட்டியதும் அதன் கூர்முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவருக்குச் சாமானைப் பராமரிக்கத் தெரிந்திருக்கிறது."

தீர்த்தத்துக்கு அடுத்த நாள்

தீர்த்தம் முடிந்த மறுநாள் கடை திறக்குமுன்பே வாசலில் ஆட்கள். எல்லோரும் தங்கள் தடியை எடுக்க வந்தவர்கள். இத்தனை நாள் மீன் வாசனை இல்லாமல் இருந்த முகங்கள், அவற்றில் ஒரு வெறி. பளபளக்கிற ரீலைக் கையில் வாங்கியவன் சும்மா வீட்டுக்குப் போவானா? ஆளுக்கு இரண்டு கட்டி, மூன்று கட்டி இரை. மத்தியானத்துக்குள் ஒரு உறைபெட்டி காலி. பின்னேரம் மற்றதும் காலி. டெரெக் அடியில் ஒட்டிக்கிடந்த ஒற்றைச் சாளையை எடுத்து எனக்குக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாமி கழிமுகத்திலிருந்து ஈரச் சப்பாத்தோடு வந்தார். காலியான பெட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அன்று வதனிக்குத் தொலைபேசி எடுத்தபோது அவள் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும்தான். அவளிடம் நான் ஒப்பித்தது சாமியின் வார்த்தைகளை: "இரண்டு பேரும் நிரந்தரம். அடுத்த வருஷம் அந்தக் கொடி எப்போது ஏறும் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு."

ஆரணியின் தூண்டில்

விசா வந்து அவர்கள் வந்து சேர, கஹவாய் ஆற்றுக்குள் ஏறுகிற அடுத்த வசந்தம் ஆகிவிட்டது. விமான நிலையத்தில் ஆரணி தாயின் பின்னால் ஒளிந்தாள். நான் ஒரு வாரமாகத் தேசிக்காய்ப் புளி பிழிந்து கை கழுவியிருந்தேன், பிரயோசனமில்லை. அப்பா என்ன மணக்கிறார் என்றுதான் அவள் முதலில் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் வதனி, பாபகூராவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த இடத்தை 'உங்கடை ஃப்ளாட்' என்றுதான் சொன்னாள். உங்கடை ஃப்ளாட்டிலை சீனி எங்கை கிடக்கு, உங்கடை ஃப்ளாட்டிலை ஏன் இவ்வளவு குளிர். ஒரு விருந்தாளியிடம் பேசுவதுபோல் நானும் பதில் சொன்னேன். மனதுக்குள் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கழிமுகம் பார்க்கக் கூட்டிப்போனேன். அத்தனை பேரைக் குடைந்து குடைந்து கேட்ட அந்த ஆற்றை நானும் அன்றுதான் முதலில் பார்த்தேன். தண்ணீர் தேநீர் நிறம். அவர்கள் சொன்னது சரிதான். பாஸ்கரன் அங்கே நின்றார். ஆரணி அவருடைய தடியையே பார்த்துக்கொண்டு நின்றதால் அவளிடம் கொடுத்தார். இதையெல்லாம் ஏன் பழக்குகிறீர்கள் என்று வதனி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் தடி வளைந்தது.

வெள்ளியாக ஒரு மீன் தண்ணீருக்கு மேலே பாய்ந்தது. ஆரணி கத்திக்கொண்டு என் வயிற்றோடு வந்து ஒட்டினாள், வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. அவளும் நானுமாக இழுத்தோம். கரைக்கு வந்ததும் நான் மண்டியிட்டு அதைத் தொட்டேன். என் வாழ்க்கையில் தொட்ட முதல் உயிருள்ள மீன். குளிர்ந்து, இறுகிப்போய், துடித்தபடி இருந்தது. தூரத்தில் ஆன்ட்டி தன் இடத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மீன் எங்களுடையது இல்லை, இங்கே அப்படியொரு வழக்கம் இருக்கிறது என்று ஆரணிக்குச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் வைத்தோம். ஒரு கணம் நின்றது, பிறகு ஆறு ஓடுகிற திசைக்கு எதிராகப் போய்விட்டது.

பாஸ்கரன் அடுத்த இரையைக் குத்திக்கொண்டிருந்தார். வதனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கிவந்தாள். என் ஈரக் கையை ஆரணி பிடித்திருக்க, மறுகையை அவள் பிடித்தாள். மணக்கும் என்றேன். அவள் விடவில்லை: "முதலாவது எங்கடை இல்லை, விட்டாச்சு. ரெண்டாவது எங்களுக்கு வேண்டாம். வாங்கோ, எங்கடை வீட்டை போவம்."

தூண்டில் கடையில் நின்று ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்த என்னிடம் இரகசியம் கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: என்னைக் காப்பாற்றியவர்கள் மீன் தின்றவர்கள் அல்ல, கொடியேறியதிலிருந்து தீர்த்தம்வரை தின்னாமல் இருந்தவர்கள்.